எண்ணெய்க் கையும் இங்கிலீஷ் பேப்பரும்

இங்கிலீஷ் வார்த்தைகளை எப்படிச் சேர்த்தீர்கள் என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களிடம், முதலில் ஒரு பாட்டில் நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்பேன். பென்ஷன் வாங்கும் கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துச் சிலர் அப்படியே போய்விடுவார்கள். போன மாதம் வந்த கோமதி போகவில்லை. நான் தென்காசியில் வேலை பார்த்த அதே ஆபீஸில் இப்போது வேலை பார்க்கிற பெண். டிபார்ட்மென்ட் பரீட்சைக்குப் படிக்கிறாள். தினமும் இங்கிலீஷ் பேப்பரில் வெளிநாட்டுச் செய்தியும் வர்த்தகப் பக்கமும் படித்துப் பத்து வார்த்தை எழுதி வை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். படிக்கிறாளாம், மண்டையில் நிற்கவில்லையாம்.

கையில் ஒரு பழுப்பேறிய டைப் காகிதம் கொண்டு வந்திருந்தாள். ரெக்கார்டு ரூமைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாம். "இந்த டிராஃப்டைப் பாத்துத்தான் சார் எங்க சூப்பிரண்டெண்ட் வரைக்கும் எல்லாரும் காப்பி அடிச்சிருக்காங்க. மூலையில உங்க இனிஷியல் இருக்கு. இப்படி எழுத எத்தனை வருஷம் சார் ஆச்சு?" என்று கேட்டாள்.

நாலு சாரல் ஆச்சு என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தக் காகிதத்தை நாற்பது வருஷமாக நான் கண்ணால் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆபீஸின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். என் பென்ஷன் காகிதம் எல்லாம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

1955இல் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், டைப்பிங் ஹையர். இதற்கு மேல் என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் மேனேஜர் பெயர் அம்பலவாணன். நெற்றி நிறைய விபூதி, மூடிய காலர் கோட்டு, இரண்டு பேனா. ஒன்றில் கறுப்பு மை, ஒன்றில் சிவப்பு மை. நாங்கள் எழுதிக் கொடுக்கிற டிராஃப்டில் சின்ன வார்த்தை எதுவும் அவர் கையில் தப்பாது. 'ஸ்டாப்' என்று எழுதினால் சிவப்பு மையில் அடித்து 'டெஸிஸ்ட்' என்று போடுவார். 'ஆஸ்க்' என்று எழுதினால் 'சொலிஸிட்' ஆகிவிடும். "சின்ன வார்த்தைய எவனும் மதிக்க மாட்டான் வே. படிக்கவனுக்கு ஒரு பயம் வரணும்" என்பார். யாரையும் 'வே' போட்டுத்தான் கூப்பிடுவார். ஆபீஸுக்கு இருந்த ஒரே டிக்ஷனரி அவருடைய பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. அதை அவர் திறந்து நான் பார்த்ததில்லை. தேவைப்படவில்லை என்று அப்போது நினைத்தேன்.

ஜூன் மாதம் சாரல் விழ ஆரம்பித்தால் மேனேஜர் முதல் பஸ்ஸில் குற்றாலம் போய்விடுவார். பேரருவிக்குப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொள்வார். எண்ணெய் ஒரு மணி நேரம் உடம்பில் ஊற வேண்டும் என்பது அவருடைய சட்டம். அந்த ஒரு மணி நேரம் சும்மா போவது அவருக்குப் பொறுக்காது. பேப்பர் படிக்கலாம் என்றால் கையெல்லாம் எண்ணெய், கண்ணைத் திறந்தால் கண்ணுக்குள் எண்ணெய். ஆகவே பேப்பர் வாசிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. புதிதாக வந்தவன் நான்தானே.

மெட்ராஸில் அச்சான இங்கிலீஷ் பேப்பர் மறுநாள் மதியம் ரயிலில் தென்காசிக்கு வரும். அதற்கும் மறுநாள் காலையில்தான் அருவிக்கரையில் அதைப் பிரிப்போம். உலகத்தில் எது நடந்தாலும் எங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் நடக்கும். உள்ளூர்ச் செய்தியை வாசிக்கக் கூடாது. அதெல்லாம் ஊர்வம்பு என்று தள்ளிவிடுவார். வெளிநாட்டுப் பக்கம், அது முடிந்தால் வர்த்தகப் பக்கம். பேப்பரை நான்காக மடித்து, அருவித் திவலை படாதபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வாசிப்பேன். நல்ல வார்த்தை வந்தால் மேனேஜர் கண்ணைத் திறக்காமல் ஒரு விரலைத் தூக்குவார். நான் அந்த வரியைத் திரும்ப வாசிக்க வேண்டும். அவர் அர்த்தம் சொல்வார். அர்த்தமும் இங்கிலீஷில்தான். "ரெபுடியேட்னா டிஸவோ" என்பார். ஒரு வாரம் கழித்து 'டிஸவோ' வந்தால் "ரெபுடியேட்" என்பார். இரண்டுக்கும் நடுவில் நான் முழிப்பேன்.

வார்த்தைகளைக் காப்பியிங் பென்சிலால் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். ஈரம் பட்டால் அந்தப் பென்சில் எழுத்து ஊதாவாகும். என் நோட்டு, என் விரல், எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புவதால் என் உதடு எல்லாம் ஊதாதான். அந்த ஐம்பத்தாறாம் வருஷத்துச் சாரலில் எகிப்துக்காரர்கள் சூயஸ் கால்வாயை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு நல்ல அறுவடை. சாவரின்ட்டி, அல்டிமேட்டம், ஸ்டேட்டஸ் கோ, டெட்லாக் என்று ஒரே வாரத்தில் எட்டுப் பக்கம் நிரம்பியது. வர்த்தகப் பக்கத்தில் மொரட்டோரியம், லிக்விடிட்டி, கன்வெர்ட்டிபிலிட்டி. கால்வாய் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. லண்டன் பேங்க் எதற்கு வட்டியை ஏற்றுகிறது என்றும் தெரியாது. ஆனால் வார்த்தைகள் எனக்குச் சொந்தமாகிவிட்டன.

இந்தப் படிப்பின் லட்சணம் அடுத்த வருஷமே தெரிந்துபோனது. செண்பகாதேவி அருவிக்குப் போகிற பாதையில் பம்பாய்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி தன் மகள் காலைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் அலறினாள். இது என்ன, இது என்ன என்று என்னைக் கேட்டாள். பிள்ளையின் காலில் ஓர் அட்டை. அட்டைக்கு இங்கிலீஷில் என்ன என்று எனக்குத் தெரியாது, அது வெளிநாட்டுப் பக்கத்தில் வந்ததே இல்லை. மானம் போகக் கூடாதே என்று, "டெம்பரரி ஆக்குப்பேஷன் மேடம். வித்டிராயல் வில் ஃபாலோ" என்றேன். தற்காலிக ஆக்கிரமிப்புதான், படைகள் தாமாகப் பின்வாங்கும் என்று அர்த்தம். அந்த அம்மாள் இன்னும் பலமாக அலறினாள். எனக்குப் பின்னால் வந்த மூக்கையா மடியிலிருந்து மூக்குப்பொடியை எடுத்து அட்டை மேல் தூவினான். அது சுருண்டு விழுந்தது.

மூக்கையாதான் மேனேஜருக்கு எண்ணெய் தேய்க்கிறவன். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. சிறுவயதில் துரைமார் பங்களாவில் எடுபிடியாக இருந்ததில் இங்கிலீஷ் காதுக்குப் பழகியிருந்தது. நான் வாசிக்க, அவன் தேய்க்க, மேனேஜர் ஊற என்று மூன்று பேரும் ஒரே பாறையில் நாலு சாரல் இருந்திருக்கிறோம். கதையைக் கேட்கிற மாதிரி பேப்பரைக் கேட்பான். "அந்த லெபனான்காரன் சங்கதி என்னாச்சு ஐயா, ரெண்டு நாளா வாசிக்க மாட்டக்கிய?" என்று அவனே கேட்பான். ஒருநாள் 'டெட்லாக்' என்ற வார்த்தை வந்தபோது மேனேஜர் அர்த்தம் சொல்வதற்கு முன்னால் அவன், "பேச்சு முட்டிக்கிட்டு நிக்கி, அதானே" என்றான். மேனேஜர் விரலைத் தூக்கவில்லை. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அந்த நோட்டில் தமிழில் இருந்த அர்த்தமெல்லாம் மூக்கையா சொன்னதுதான்.

இனிமேல் வருவதுதான் கோமதி கொண்டுவந்த காகிதத்தின் கதை.

ஐம்பத்தொன்பது சாரலில் மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி குடும்பத்தோடு குற்றாலம் வந்தார். காலையில் நாங்கள் மூவரும் பாறையில் இருந்தோம். பத்தடி தள்ளி அவர் தோல் செருப்போடு பாறை ஏறினார். "ஐயா, செருப்பக் கழத்திருங்க, பாசி" என்று மூக்கையா குரல் கொடுத்தான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த எட்டில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். இடுப்பில் நல்ல அடி. தூக்கப் போனவன் மூக்கையா. அவன் கை பட்ட இடமெல்லாம் எண்ணெய். பட்டுச் சட்டையில் எண்ணெயைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இங்கே எண்ணெய் தேய்க்க யார் அனுமதித்தது?" என்று கேட்டார்.

அருவிக்கரைச் சங்கதிகளும் அப்போது எங்கள் ஆபீஸ் பொறுப்பில்தான் இருந்தன. ஐந்தாம் நாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பேரருவிப் பாறைகளில் எண்ணெய் தேய்ப்பதால் விபத்து நேர்கிறது, அதை அடியோடு தடை செய்யலாமா, ஏழு நாளில் கருத்துத் தெரிவிக்கவும். தபால் புத்தகத்தில் ஏறி, நம்பர் விழுந்து, நூல் கட்டிய ஃபைலாக என் மேஜைக்கு வந்தது. அந்தப் பாறையில் எண்ணெய் தேய்த்துப் பிழைத்தவர்கள் பதினான்கு பேர். மூக்கையா ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றான்.

"சாரல் மூணு மாசம்தான் ஐயா எங்களுக்கு வருசம். மத்த மாசம் கஞ்சிக்கு அதுல இருந்துதான் எடுத்துக் குடிக்கோம். அவுக விழுந்தது பாசியிலன்னு நீங்க பாத்தீயள்லா. அத மட்டும் எழுதிருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

எழுதாமல் என்ன என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மேனேஜரிடம் போய், சார், நாம் மூன்று பேரும் பார்த்தோமே, அதை எழுதிவிடலாமா என்றேன். அவர் கறுப்புப் பேனாவை மூடி வைத்தார். சிவப்புப் பேனாவையும் மூடி வைத்தார்.

"நாம எங்கவே பாத்தோம்? நான் கண்ண மூடிக்கிட்டு இருந்தேன். நீரு பேப்பரப் பாத்துக்கிட்டு இருந்தீரு."

"மூக்கையா சொன்னது காதுல விழுந்துச்சே சார்."

"அருவி இரைச்சல்ல என்னவே காதுல விழும்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "தடை வேணும்னு எழுதினா எனக்கு எண்ணெய்க் குளிப்பு போச்சு. வேண்டாம்னு எழுதினா அந்த மனுசன் செருப்போட ஏறினது தப்புன்னு ஆயிரும். ரெண்டும் ஆகாது. ரெண்டு வல்லரசுக்கு நடுவுல மாட்டிக்கிட்டவன் எப்படிவே பேசுதான்? நாலு வருசமா வாசிச்சிருக்கீரே. அப்படி ஒண்ணு எழுதிக் கொண்டாரும்."

நான் தனியாக எழுதிய முதல் டிராஃப்ட் அது. வீட்டில் நோட்டைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாசி, செருப்பு, பதினான்கு பேர் எல்லாம் முதல் அரை மணி நேரம் நினைவில் இருந்தன. அப்புறம் வார்த்தைகள் வர ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்கார உட்கார எனக்கு உடம்பு புல்லரித்தது. தமிழில் சொன்னால் சப்பென்று இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். 'இப்பிரச்சினை சம்பந்தப்பட்ட அனைத்துத் தரப்பினரின் ஆழ்ந்த பரிசீலனையில் உள்ளது. கொள்கையளவில் உரிய கட்டுப்பாடுகளுக்கு ஆட்சேபணை இருக்க இயலாது. எனினும் பரவலான விளைவுகளைக் கருதாது இறுதி நிலைப்பாடு மேற்கொள்வது உசிதமன்று. அதேசமயம் காலதாமதமும் விரும்பத்தக்கதன்று.' இப்படி ஒரு பக்கம். பாசி என்ற வார்த்தை எங்கும் இல்லை. மனிதர்கள் என்ற வார்த்தையும் இல்லை.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். சிவப்புப் பேனாவைத் திறக்கவே இல்லை. பியூனைக் கூப்பிட்டு எனக்குக் காபி வாங்கிவரச் சொன்னார். அதற்கு முன் அவர் யாருக்கும் காபி வாங்கிக் கொடுத்ததாக ஆபீஸில் பேச்சே கிடையாது. அன்று நான் தரையில் நடக்கவில்லை.

கையெழுத்தாகித் தபாலில் போன பதினோராம் நாள் உத்தரவு வந்தது. தங்கள் அலுவலகத்தின் கருத்துடன் இசைந்து, பேரருவிப் பகுதியில் எண்ணெய் தேய்ப்பது உடனடியாகத் தடை செய்யப்படுகிறது.

"நாம தடை பண்ணச் சொல்லலையே வே" என்றார் மேனேஜர்.

"வேண்டாம்னும் சொல்லலையே சார்."

"அதான் டிப்ளமஸி" என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடினார். அன்றே பாறைக்கு இரண்டு போலீஸ்காரர்கள் போய்ப் பதினான்கு பேரையும் எழுப்பிவிட்டார்கள். எண்ணெய்ச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஊருக்குள் போனதைப் பார்த்த பஸ் கண்டக்டர் மறுநாள் எனக்குச் சொன்னார். மேனேஜர் வீட்டுக் கிணற்றடியில் குளிக்க ஆரம்பித்தார். என் பேப்பர் வாசிப்பும் முடிந்தது.

இரண்டு நாள் கழித்து மூக்கையா வந்தான். சத்தம் போடுவான் என்று பயந்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, "நீங்க என்ன எழுதினியன்னு சொல்லுங்க ஐயா, தெரிஞ்சுக்கிடுதேன்" என்றான்.

தமிழில் சொல்லப் பார்த்தேன். வரவில்லை. ஒரு வரியைத் தொடங்கினால் அது எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. "சும்மா வாசிங்க ஐயா, பாறையில வாசிக்க மாதிரி" என்றான். ஆபீஸ் நகலை எடுத்து இங்கிலீஷிலேயே வாசித்தேன். அவன் தலையைக் குனிந்து கேட்டான்.

"இது நமக்குத் தெரிஞ்ச சங்கதில்லா" என்றான். "இந்த வார்த்தையெல்லாம் ஒண்ணா பேப்பர்ல வந்துச்சுன்னா, மறுவாரம் சின்ன நாட்டுக்காரன் அடி வாங்குவான். நாலு வருசமா கேட்டுக்கிட்டுல்லா இருக்கேன். நீங்க கவனிக்கலையா?"

கவனிக்கவில்லை. நான் வார்த்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு செய்தியை விட்டுவிட்டேன். அவன் செய்தியை எடுத்துக்கொண்டான்.

அன்று மாலையே இன்னொரு டிராஃப்ட் எழுதினேன். அதற்கு நோட்டு தேவைப்படவில்லை. அதிகாரி தோல் செருப்போடு ஏறினார். பாறையில் பாசி இருந்தது. எச்சரிக்கை செய்தார்கள், அவர் கேட்கவில்லை. அவர் வழுக்கியது எண்ணெயில் அல்ல. பதினான்கு பேர் இதை வைத்துப் பிழைக்கிறார்கள். வாரம் ஒருமுறை பாறையைத் தேய்த்துவிட்டு ஒரு சங்கிலி கட்டினால் போதும். ஆறு வரி. மேனேஜரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் கோபப்படவில்லை, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அஞ்சாங்கிளாஸ் பய எழுதின மாதிரி இருக்கேவே. ஒரு வார்த்தைக்காவது ஒருத்தனுக்கு டிக்ஷனரி பாக்க வேண்டியிருக்கா? இதுல கையெழுத்துப் போட்டா அடுத்த மாசம் நாம ரெண்டு பேரும் வேற வேற ஊர்ல இருப்போம். பிரமோஷன் லிஸ்ட்ல உம்ம பேரு மூணாவதா நிக்கி, மறந்துட்டீரா?"

மறக்கவில்லை. அதுதான் சங்கடம். மூக்கையாவையும் மற்றவர்களையும் கூப்பிட்டு மனுவாக எழுதிக் கொடுத்திருக்கலாம். அதற்கு மேனேஜர் கையெழுத்து வேண்டாம், பதினான்கு கைநாட்டு போதும். அந்த யோசனை எனக்கு வந்தது. வராமல் போயிருந்தால் இன்றைக்கு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆறு வரிக் காகிதத்தை மடித்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். மறு வருஷம் பிரமோஷன் வந்தது. நான் எழுதிய முதல் டிராஃப்டை மேலிடத்தில் யாரோ பாராட்டி, இதுபோல எழுதப் பழகவும் என்று எல்லா ஆபீஸுக்கும் நகல் அனுப்பினார்கள். அதில் ஒரு நகலைத்தான் கோமதி பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள்.

தடை மூன்று சாரல் நீடித்தது. நாலாவது சாரலில் வேறோர் அதிகாரி வந்து, குற்றாலத்துக்கு வந்தும் எண்ணெய் தேய்க்க ஆள் இல்லையா என்று கேட்டார். ஒரே வாரத்தில் தடை போய்விட்டது. அதற்கு யாரும் கருத்துக் கேட்கவில்லை. ஆனால் பழைய பதினான்கு பேரில் திரும்பி வந்தவர்கள் நாலைந்து பேர்தான். மூக்கையா வரவில்லை.

அறுபத்தாறில் ஆபீஸ் காரியமாகப் புளியங்குடி போனேன். எலுமிச்சைச் சந்தையில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். மூக்கையா. எண்ணெய் தேய்த்துத் தேய்த்து மெத்தென்று இருந்த கை, வெடிப்பு விட்டு, வெடிப்புக்குள் எலுமிச்சைச் சாறு இறங்கிச் சிவந்திருந்தது. அவனிடம் கோபமே இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ரூவாய டிவேல்யூ பண்ணிட்டாவளாமே ஐயா" என்றான். "கமிஷன் கடை ரேடியோவுல சொன்னான். இங்கன ஒருத்தனுக்கும் வெளங்கல. நம்ம ரூவா மெலிஞ்சு போச்சுலே, வெளிநாட்டுக்காரன் எடை போட்டா கம்மியா நிக்கும்னு நாந்தான் சொன்னேன். சரிதானா?"

சரிதான் என்றேன். அந்த வாரம் முழுக்க ஆபீஸில் நான் அந்த வார்த்தையை விளக்கிக்கொண்டிருந்தேன். இவ்வளவு தெளிவாக ஒருவருக்கும் சொல்லவில்லை.

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு வாய் நிற்கவில்லை. ஏழு வருஷமாக நெஞ்சில் கிடந்தது. "மூக்கையா, உமக்காக நான் இன்னொண்ணும் எழுதினேன். அனுப்பல" என்றேன்.

"என்ன எழுதினிய?"

அந்த ஆறு வரியையும் சொன்னேன். இங்கிலீஷில் எழுதியதுதான், ஆனால் தமிழில் சொல்ல ஓர் இடத்தில்கூட நிற்க வேண்டியிருக்கவில்லை. செருப்பு, பாசி, பதினான்கு பேர், சங்கிலி. அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பாறையில் கேட்ட மாதிரியே தலையைக் குனிந்து கேட்டான். லாரிக்காரன் இரண்டு தடவை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. நான் முடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தான். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரித்தான் சொன்னான்.

"ஒரு வார்த்த விடாம வெளங்குதே ஐயா. இப்படி இருந்தா எப்படி அனுப்புவிய?"